சம்பந்தி முன்னால் வாந்தி எடுக்கக் கூடாது

புதிதாக நம் வார்டில் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

அனுபவத்தைச் சொல்லுகிற அளவுக்கு எனக்கு வயதாகிவிடவில்லை. ஒன்பது வருடம் இங்கே செவிலியராக இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போகிறேன், அவ்வளவுதான். "போறதுக்கு முன்னாடி புதுப் பிள்ளைகளுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போப்பா" என்று பெரிய சிஸ்டர் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யார் எதை எழுதச் சொன்னாலும் பரீட்சை மாதிரி உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் அளவு, ஊசி போடும் இடம் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. குமட்டலைப் பற்றி எழுதப் போகிறேன். நம் பாடப் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம். திருமங்கலத்தில் அது நம் வேலையில் பாதி. இங்கே குமட்டல் என்று வருகிற யாரும் கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் வருவதில்லை. மோந்து பார்த்துக்கொண்டே வருவார்கள், ஊசி போட்டதும் பழத்தை மறந்துவிட்டுப் போவார்கள். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். சேர்ந்த முதல் மாதம் அப்படி ஒரு பழத்தை மிதித்து, கையில் இருந்த தட்டோடு நான் போய் விழுந்தது ஒரு நோயாளியின் மடியில். குமட்டல் நின்றுவிட்டது என்று அவர் எழுந்து போய்விட்டார். அதுவும் ஒரு வைத்தியம்தான் போல.

ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு நிச்சயதார்த்தத்தைப் பற்றி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். வார்டில் நானும் டாக்டரம்மாவும் மட்டும். டாக்டரம்மா என்றால் வயதானவர் என்று நினைக்க வேண்டாம், என்னைவிட இரண்டு வயது சின்னவர். வாசலில் ஒரு வேன் வந்து குறுக்கே நின்றது. கதவு திறந்ததும் பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியுமாக இருபது பேர் இறங்கினார்கள். இறங்கினார்கள் என்பதைவிடக் கொட்டினார்கள் என்று சொல்லலாம். பாதிப் பேர் வாசல் படியிலேயே குனிந்துவிட்டார்கள். மீதிப் பேர் அவர்களைப் பார்த்ததால் குனிந்தார்கள். எட்டுக் கட்டிலில் இருபது பேரை எப்படிப் போடுவது? ஒரு கட்டிலுக்கு இருவர், தலையும் காலுமாக; மிச்சப் பேர் பெஞ்சிலும் நாற்காலியிலும். ஒருவர் ஓங்கரித்தால் அடுத்தவர், அவருக்கு அடுத்தவர் என்று அந்தச் சத்தம் கட்டில் கட்டிலாகப் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்தது.

சோழவந்தான் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் அவர்கள். திருமங்கலத்தில் நிச்சயம் முடித்து, விருந்து சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் ஏழெட்டு கிலோமீட்டர் போவதற்குள் வேனில் ஒருவர் வாந்தி எடுக்க, பின்னாலேயே ஏறக்குறைய எல்லோரும் எடுத்திருக்கிறார்கள். டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார். அவரும் கடைசியாக எடுத்துவிட்டு ஒரு பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

கூட்டத்துக்குத் தலைவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், தொண்டையும் லாரி ஹாரன்தான். சலைன் ஏறுகிற கையைத் தூக்கித் தூக்கிப் பேசினார்.

"சோத்துல என்னத்தையோ கலந்துட்டாய்ங்க! இருவது உசுரு! தட்டு மாத்தி ரெண்டு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள இப்புடி. நாளைக்கு எங்க பய அந்த வீட்டுல கை நனைக்க முடியுமா?"

"அண்ணே, கையை ஆட்டாதீங்க, ஊசி பிதுங்கிரும்" என்றேன்.

"ஊசி கெடக்குது தம்பி. சம்பந்தமே பிதுங்கிருச்சு. தட்டத் திருப்பி அனுப்புறோம். அம்புட்டுதேன்."

போனை எடுத்துப் பெண் வீட்டுக்கு அதையே சொன்னார், இன்னும் சத்தமாக.

டாக்டரம்மா ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "காய்ச்சல் இல்ல, வயிற்றுப்போக்கு இல்ல, எல்லாருக்கும் பிரஷர் நல்லாருக்கு. சாப்பாடு மாதிரியே தெரியலையே. ரெண்டு தடவைக்கு மேல எடுத்தவங்களுக்கு மட்டும் வாந்தி ஊசி போடுங்க. போட்டதை எழுதுங்க." இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் அது நினைவில் நிற்கவில்லை.

வேனில் வந்தவர்களில் வாந்தி எடுக்காதவர் ஒரே ஒருவர், மாப்பிள்ளையின் அப்பா. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். வாயில் எப்போதும் வெற்றிலை அடைந்திருந்ததால் எதுவும் வெளியே வர வழியில்லை, பேச்சு உட்பட. மச்சான் கத்தும்போதெல்லாம் தாடையை மட்டும் அசைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரத்தில் பெண்ணின் அப்பா வந்தார். தனியாக வரவில்லை. அவரும் அவர் தம்பியும் ஆளுக்கு இரண்டு தூக்குவாளி, கக்கத்தில் ஒரு வாழை இலை. வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பதிவு மேஜையில் இருந்த நோட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு இலையை விரித்தார், தண்ணீர் தெளித்தார்.

"சம்பந்தகாரவுக பாருங்க. இதே சோறு, இதே சாம்பாரு, இதே பாயாசம். எம் மக வாழப் போற வீட்டுக்கு நான் கெட்டுப்போனதைப் போடுவேனா? நின்ன வாக்குல திங்குறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தட்டை நானே திருப்பித் தாரேன்."

தம்பி பரிமாற, அண்ணன் சாப்பிட்டார். நான் பார்த்ததில் அப்படி ஒரு சாப்பாடு வேறு இல்லை. சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மறுபடி சோறு. வடை நாலு. தாய்மாமன் கட்டிலில் படுத்தபடியே மேற்பார்வை பார்த்தார்.

"கூட்டு வைக்கல. கூட்டு வைக்கச் சொல்லு. அதுலதேன் எனக்குச் சந்தேகம்."

கூட்டு வைக்கப்பட்டது. சாப்பாட்டு வாசனை வார்டுக்குள் வந்ததும், அடங்கியிருந்த நாலைந்து பேர் மறுபடி ஆரம்பித்தார்கள். "பாத்தியா, வாசத்துக்கே வருது!" என்றார் தாய்மாமன். பெண்ணின் அப்பா பாயாசத்தை எடுத்து மூன்று டம்ளர் குடித்தார். "அண்ணே, சுகர் மாத்திரை போடுறவரு நீங்க" என்று தம்பி காதில் சொல்ல, நாலாவது டம்ளரையும் குடித்துவிட்டு இலையை மூடினார். ஆஸ்பத்திரிக்கு வந்து இலையை மூடியவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

"ஒரு மணி நேரம் பாப்போம்" என்று தாய்மாமன் தீர்ப்பை ஒத்திவைத்தார்.

பத்து நிமிடம் கழித்து, ஊசி மருந்து வைக்கிற சின்ன அறையில் நான் நின்றிருந்தபோது பெண்ணின் அப்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஒமட்டிக்கிட்டு வருது. அவுகளுக்குப் போடுறீகள்ல, அந்த ஊசியை எனக்கும் ஒண்ணு போட்டுருங்க. யாருக்கும் தெரிய வேணாம். நான் இப்ப வாந்தி எடுத்தேன்னா எம் மக கதை முடிஞ்சுச்சு."

நான் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். நான் நர்சிங் படிப்பில் சேரும் நாளில் திருவாதவூரில் இருந்து என் அப்பா கூட வந்தார். பஸ் என்றால் அவருக்கு ஆகாது. வழியெல்லாம் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, விழுங்கிக்கொண்டே வந்தார். "எடுத்துருப்பா, சன்னல் இருக்குல்ல" என்றேன். "படிக்கப் போற பய கூட வந்து அப்பன் கக்குனான்னு நாலு பேரு பாக்கணுமாக்கும்?" என்றார். ஊசி கேட்டு நின்றவர் முகத்தில் எனக்கு அந்தத் துண்டு தெரிந்தது. பெண்ணைப் பெற்றவனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமையில், டாக்டரம்மாவைக் கேட்காமல், பெயரை எழுதாமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல் போட்டேன். வேனில் வந்த இருபது பேரோடு அவரை இருபத்தோராவதாகச் சேர்த்துக்கொண்டேன். அவர் வேனிலேயே ஏறாதவர் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஊசி அறைக்குப் போனேன். அவர் இன்னும் அங்கேயே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மின்விசிறிக்கு அடியில் நின்ற மனிதருக்கு நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. தொட்டேன், சில்லென்று இருந்தது.

"இன்னொண்ணு போடு தம்பி. அந்த ஊசிக்கு அடங்கல."

அப்போதுதான், முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"எப்ப இருந்து ஒமட்டுதுய்யா?"

"பந்தி ஆரம்பிக்கையிலயே."

"நீங்க எத்தனாவது பந்தியில சாப்பிட்டீங்க?"

"நான் எங்க சாப்புட்டேன்? பொண்ணு வீட்டுக்காரன் கடைசியிலதான உக்காரணும். உக்காரப் போறப்பத்தேன் போன் வந்துருச்சு. இங்கன வந்து தின்னதுதேன் இன்னைக்கு மொதச் சோறு."

தம்பிகளே, தங்கச்சிகளே, ஒரு வாய் சோறு உள்ளே போவதற்கு முன்னால் வந்த குமட்டலுக்கு, சோற்றைக் குற்றம் சொல்ல முடியாது.

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. தாடையிலதேன் பல்லு வலி மாதிரி கடுக்குது. மேல் வயிறு அமுக்குது. பாயாசம் தம்பி. நாலு டம்ளரு."

ஓடிப்போய், பெண்ணின் அப்பாவின் வியர்வையையும் தாடை வலியையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். "மேடம், தப்பு பண்ணிட்டேன். அவருக்கு நான் முன்னாடியே ஊசி போட்டுட்டேன். எழுதல." அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். "எத்தனை மணிக்குன்னு இப்ப எழுதுங்க. திட்டுறதை அப்பறம் வச்சுக்கலாம். அவரைப் படுக்க வைங்க, இசிஜி எடுக்கணும், இப்பவே."

படுக்க வைப்பதுதான் முடியவில்லை.

"படுக்குறதா? சம்பந்தகாரவுக நாற்காலியில உக்காந்திருக்கையில நான் கால நீட்டிப் படுக்குறதா? நல்லா இருக்கு தம்பி நீ சொல்றது."

"ஐயா, இது இதயம் சம்பந்தப்பட்டது."

"இதுவும் சம்பந்தந்தேன். நான் படுத்தா அவுக என்னா நெனைப்பாக? சோத்தைத் தின்னவன் விழுந்துட்டான்னு தாம்பாளத்தைத் திருப்பிருவாக. நிண்ணுக்கிட்டே எடுங்க அந்தப் படத்தை."

டாக்டரம்மா அதட்டினார், கெஞ்சினார். கையைப் பிடித்து இழுத்தால் அந்த ஆளுக்கு மேலும் படபடப்பு ஏறும். நிற்க நிற்க நேரம் போகிறது. இந்த இடத்துக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. அவர் படுக்க வேண்டுமென்றால் முதலில் மாப்பிள்ளை வீட்டு நாற்காலி காலியாக வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. நேராக மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனேன்.

"ஐயா, நீங்க கொஞ்சம் கட்டில்ல படுக்கணும்."

தாய்மாமன் எழுந்து உட்கார்ந்தார். "எங்க மச்சான் எதுக்குப் படுக்கணும்? அவுகதேன் வாந்தியே எடுக்கலயே?"

"அதான்ணே பயமா இருக்கு" என்றேன். அந்தப் பொய் எங்கே இருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "இருபது பேர்ல எல்லாரும் எடுத்தாச்சு, இவுக மட்டும் எடுக்கல. உள்ளயே நிக்குது."

"ஆத்தாடி! மச்சான், படுங்க! வெரசாப் படுங்க!"

மாப்பிள்ளையின் அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால், ஊசி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற சம்பந்தியைப் பார்த்தார். அந்த ஈரச் சட்டையையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். தாடை ஒருமுறை அசைந்தது. அதற்குள் நான் ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாக்கிய மூன்றாம் கட்டிலில் போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிரேதம் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நெடுக்கப் படுத்தார். அதேபோல் காலியாக்கிய பக்கத்துக் கட்டிலைக் கையால் தட்டிக் காட்டினார்.

"சம்பந்தியே படுத்துட்டாகய்யா" என்றேன்.

"அவுகளே படுத்தாச்சுன்னா அப்பறம் என்ன" என்று சொல்லி, பெண்ணின் அப்பா படுத்தார்.

இசிஜியில் வந்த கோட்டை டாக்டரம்மா என் பக்கம் திருப்பிக் காட்டினார். மாரடைப்பு. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துக்கொண்டே மதுரைக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் தயாராக இருந்தது. ஆனால் வாசலை மறித்துக்கொண்டு அந்த வேன். பெஞ்சில் சாய்ந்திருந்த டிரைவரை எழுப்பி, வண்டியை எடுக்கச் சொன்னோம். வெயிலில் கண்ணாடி மூடி நின்ற வேன். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார், பத்தடி பின்னால் எடுத்தார், கதவைத் திறந்து தலையை நீட்டி, எல்லோரும் பார்க்க வாந்தி எடுத்தார்.

"அண்ணே, சோறு இல்லண்ணே!" என்று அங்கிருந்தே கத்தினார். "இந்தச் செண்டு பாட்டிலுதேன்! வெயில்ல ஒழுகி ஏசிக்குள்ள எறங்கிருக்கு! மண்டையப் பொளக்குதுண்ணே!"

நான் போய்த் தலையை உள்ளே விட்டேன். மறு நொடியே டிரைவருக்குப் பக்கத்தில் நானும் குனிந்து நின்றேன். சீருடையோடு. நான் அன்றைக்கு நிச்சயச் சாப்பாட்டில் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

"யாருண்ணே இதை வாங்கி மாட்டுனது?" என்று வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

வாசலில் சலைன் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற தாய்மாமனின் ஹாரன் முதல்முறையாக இறங்கியிருந்தது.

"நாந்தேன். காலையில புதுசா வாங்குனேன். பொம்பளையாளுக்கு வழியில வாந்தி வந்துறக் கூடாதுன்னு... எலுமிச்சம்பழ வாசமா பாத்து வாங்குனேன்."

முதலில் வாந்தி எடுத்தவரும் அவர்தானாம். தாய்மாமன் என்ற மரியாதைக்கு முன் சீட்டு கொடுத்திருந்தார்கள். பாட்டிலுக்கு நேர் எதிரே.

அவர் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடிக்க வந்தார். ஒரு கையில் பாட்டிலோடு அது முடியாது என்று நான்தான் திருப்பி அனுப்பி வைத்தேன்.

பெண்ணின் அப்பா பிழைத்துவிட்டார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதியைச் சிரிக்காமல் படிப்பீர்கள்.

ஆம்புலன்ஸில் பின்னால் மூன்று பேர். படுத்திருக்கும் பெண்ணின் அப்பா, நான், யார் சொல்லியும் கேட்காமல் ஏறி உட்கார்ந்துகொண்ட மாப்பிள்ளையின் அப்பா. இருபது பேருக்குக் கொடுத்தது போக மிஞ்சிய ஒரே ஒரு கிட்னி டிரேயை, அதுதான் அந்த அவரைவிதை வடிவ வாந்தித் தட்டை, நான் கையோடு எடுத்து வந்திருந்தேன். நான்கு வழிச்சாலையில் வண்டி ஏறியதும் பெண்ணின் அப்பாவுக்கு முகம் வெளிறியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். தட்டை நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, கண்ணால் சம்பந்தியைக் காட்டினார். சாலையில் ஒவ்வொரு தூக்கலுக்கும் தொண்டை ஏறி இறங்குகிறது. விழுங்குகிறார். எனக்கு மறுபடி அப்பாவின் அந்தத் துண்டு.

"ஐயா, அடக்காதீங்க. சோறு கெடலைன்னு தெரிஞ்சு போச்சுல்ல?"

"அதுக்காக? அவுக முன்னாடியா?" என்றார் பல்லைக் கடித்தபடி.

மாப்பிள்ளையின் அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. சொல்ல வேண்டுமானால் வாயில் இருப்பதைத் துப்ப வேண்டும். ஆம்புலன்ஸில் துப்ப இடமில்லை. இருக்கிற ஒரு தட்டு சம்பந்திக்கு நீட்டிய தட்டு. சுற்றும் முற்றும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, பந்தி முடிந்ததில் இருந்து மென்ற வெற்றிலை, பாக்கு, புகையிலை, சாறு எல்லாவற்றையும் ஒரே முழுங்காக முழுங்கினார்.

"எடுங்க சம்பந்தி" என்றார். அன்றைக்கு நான் கேட்ட அவருடைய முதல் வார்த்தை. "நல்லா எடுங்க. இனிமே நமக்குள்ள என்ன இருக்கு? கல்யாணத்துக்குச் சமையலும் அந்த மாஸ்டர்தேன். பாயாசம் நல்லா..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முழுங்கிய புகையிலை வேலையைக் காட்டியது. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, கை காற்றில் தட்டைத் தேடியது. அதே நொடியில் பெண்ணின் அப்பாவும் அடக்க முடியாமல் எழும்பினார். எழும்பியவர், அந்த நிலையிலும், வாயைப் பொத்தாத கையால் என் தட்டைச் சம்பந்தி பக்கம் தள்ளினார்.

"மொதல்ல... அவுகளுக்கு..."

உங்களுக்கு நான் விட்டுப் போவது இரண்டே விஷயம். குமட்டுகிறது என்று ஒருவர் சொன்னால், ஊசியை எடுப்பதற்கு முன்னால், எப்போதில் இருந்து என்று கேளுங்கள். அடுத்து, யாருக்கு முன்னால் எடுக்கப் பயப்படுகிறார் என்று பாருங்கள். அந்த ஆளை வெளியே அனுப்புங்கள், முடியாவிட்டால் படுக்க வையுங்கள்.

இரண்டு வாய்க்கும் ஒரு தட்டு. ஒரு நொடிதான் இருந்தது. எங்கள் ஊர்ப் பந்திகளில் நான் சிறு வயதில் இருந்து பரிமாறியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக, மாப்பிள்ளை வீட்டாரைக் காக்க வைத்துவிட்டுப் பெண் வீட்டாருக்கு முதலில் வைத்தேன்.